காலால் துடுப்புப் போடுகிறவர்கள்

என் தாத்தா சொன்ன கதைகளில் எங்கள் தெருவில் ஒருவர்கூட நம்பாத கதை ஒன்று உண்டு. பர்மாவின் மலைநாட்டில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது, அங்கே வீடு, பள்ளிக்கூடம், புத்தர் கோயில், தக்காளித் தோட்டம் எல்லாமே தண்ணீரின் மேல்தான், அந்த ஊர்க்காரர்கள் கையால் அல்ல, காலால் துடுப்புப் போடுவார்கள் என்பதே அந்தக் கதை. ரங்கூனில் ஒரு மர வியாபாரியிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்த தாத்தா, சரக்கு விஷயமாக ஒருமுறை டவுஞ்சி வரை போனபோது அந்த ஏரியைக் கண்ணால் பார்த்திருக்கிறார். பிற்பாடு வியாசர்பாடித் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது, "ரங்கூன்காரர் அளக்க ஆரம்பித்துவிட்டார்" என்று அக்கம்பக்கத்தில் சிரித்திருக்கிறார்கள்.

அம்மா ரங்கூனில் பிறந்தவர். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததும், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் மில்களும் அரசுடைமையானதும், 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனதும் எங்கள் வீட்டில் வரலாறாக அல்ல, குடும்பச் செய்தியாகவே பேசப்படும். 1965இல், ஒன்பது வயதில், காதில் கிடந்த சிறு தோட்டைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டு அம்மா கப்பலேறினார். சென்னைத் துறைமுகம், முகாம், பிறகு வியாசர்பாடி. தாத்தா 1969க்குப் பிறகு பர்மா பஜாரில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனார். அவருடைய ஏரிக் கதை மட்டும் கடைசி வரை நிரூபிக்கப்படாமலே நின்றுபோயிற்று.

2019 ஜனவரியில் நாங்கள் நால்வரும், அதாவது அம்மா, கணவர், அப்போது பத்து வயதான மகள், நான், மியான்மருக்குப் போனதற்கு அந்தக் கதைதான் காரணம். அம்மாவுக்கு அப்போது அறுபத்திரண்டு முடிந்து மூன்று தொடங்கியிருந்தது. முட்டிவலி முற்றுவதற்குள் போய்விட வேண்டும் என்று அவரே நாள் குறித்தார். பாங்காக் வழியாக யாங்கோன், அதாவது பழைய ரங்கூன், அங்கே இரண்டு நாள். அம்மாவின் பழைய தெருவைத் தேடியதையும், தெரு கிடைத்தும் வீடு கிடைக்காததையும் வேறொரு நாள் எழுதுகிறேன். மூன்றாம் நாள் காலை விசிறி விமானம் ஒன்று எங்களை ஷான் மாநிலத்தின் ஹேஹோவில் இறக்கிவிட்டது. அங்கிருந்து காரில் ஞாவுங்ஷ்வே என்ற சிறு ஊர். அதுதான் இன்லே ஏரிக்கு வாசல்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், இருபுறமும் மலைத்தொடர் காவலிருக்க, வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது இன்லே. பரப்பைப் பார்த்தால் மியான்மரின் இரண்டாவது பெரிய ஏரி. ஆழத்தைப் பார்த்தால் கோடையில் சராசரியாக ஏழடிதான், மழைக்காலத்தில் இன்னும் ஐந்தடி ஏறும். இந்த ஆழமின்மைதான் அங்குள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை. கழி ஊன்றி வீடு கட்ட முடிவதும், தரையிலிருந்து களையை வாரித் தோட்டம் போட முடிவதும், ஏரி இத்தனை சீக்கிரம் தூர்ந்துகொண்டு வருவதும் அதனால்தான்.

காலை ஆறரை மணிக்குப் படகேறினோம். சென்னைக்காரர்களுக்கு ஜனவரி என்றால் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொள்ளும் மாதம் என்பதற்கு மேல் குளிரைப் பற்றித் தெரியாது. அங்கே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அம்மா குரங்குக் குல்லாவும் என் கணவரின் ஸ்வெட்டரும் போட்டு, அதற்கு மேல் படகுக்காரர் கொடுத்த கம்பளியையும் போர்த்திக்கொண்டு, வரிசையாகப் போட்டிருந்த மர நாற்காலிகளில் முதல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். படகுக்காரருக்கு முப்பது வயதிருக்கும். அம்மா தன் பர்மிய மொழியில் "சாப்பிட்டாயிற்றா" என்று கேட்டதும் அவர் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அதற்குப் பிறகு இரண்டு நாளும் அவர் அம்மாவை "அமே" என்றே கூப்பிட்டார். பர்மிய மொழியில் அது அம்மாவுக்கான சொல். ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று அம்மாவுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

கால்வாய் முடிந்து ஏரி விரியும் இடத்தில், கூம்பு வடிவ மூங்கில் கூடையைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் காலில் பின்புறமாக வளைந்து, சூரியனுக்குக் குறுக்கே நின்றபடி இரண்டு மீனவர்கள் எங்களை வரவேற்றார்கள். உலகம் முழுவதும் பயண இதழ்களின் அட்டையில் வருகிற படம் அதுதான். அவர்கள் மீன் பிடிப்பதில்லை. படம் எடுத்து முடித்ததும் படகை ஒட்டிக் கொண்டுவந்து காசு வாங்கிக்கொண்டார்கள். மகளுக்கு ஏமாற்றமாகிவிட்டது. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலைக் குளிரில் ஒரு மணிநேரம் ஒற்றைக் காலில் நிற்பதும் உழைப்புதான்; அந்தக் கூடையைப் போட்டுப் பிழைத்த காலம் நைலான் வலை வந்தபோதே பெரும்பாலும் போய்விட்டது.

உண்மையான மீனவரைப் பார்க்க இன்னும் அரைமணிநேரம் ஆயிற்று. அகலமில்லாத, தட்டையான சிறு படகு. அதன் வால்முனையில், நம் வீட்டு மணையளவு கூட இல்லாத இடத்தில், இடது காலை ஊன்றி நிற்கிறார். வலது காலைத் துடுப்பின் மேல் கொடி சுற்றுவதுபோலச் சுற்றி, பாதத்தால் அடிப்பகுதியை அணைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி நீட்டி, தண்ணீரை வட்டமாகத் தள்ளுகிறார். துடுப்பின் தலை அவருடைய தோளில் சாய்ந்திருக்கிறது. இரண்டு கைகளும் வலையைக் கண்ணி கண்ணியாக இறக்கிக்கொண்டிருக்கின்றன. வலை இறங்கியதும் துடுப்பை உருவி எடுத்துத் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்தார். மிரண்ட மீன் வலைக்குள் ஓடுமாம். நாணலும் களையும் மண்டிய ஏரியில் உட்கார்ந்து துடுப்புப் போட்டால் முன்னால் எதுவும் தெரியாது, நின்றால் வழி தெரியும், நின்றுகொண்டு காலால் ஓட்டினால் கையும் மிச்சம் என்பதுதான் இதன் கணக்கு. பெண்கள் பெரும்பாலும் உட்கார்ந்து கையால்தான் துடுப்புப் போடுகிறார்கள்.

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே, "அப்பா துடுப்பைத் தோளில் சாய்ச்சிப்பாங்கன்னுகூடச் சொன்னார்டி" என்றார்.

இந்த மக்களுக்கு இந்தா என்று பெயர். பர்மிய மொழியில் 'இன்' என்றால் ஏரி, 'தா' என்றால் மகன். அவர்கள் பேசுவதும் பர்மிய மொழிதான் என்றாலும் பழைய உச்சரிப்புகளை விடாமல் வைத்திருக்கிற ஒரு வட்டாரவழக்கு. அதனால் அம்மாவுக்கும் படகுக்காரருக்கும் நடந்த உரையாடலில் பாதி புரிந்தது, பாதி சிரிப்பில் போயிற்று. மதியம் அவர் எங்களைத் தம் வீட்டுக்கே சாப்பிட அழைத்துப் போனபோது அவருடைய மனைவி இன்னொன்றையும் கண்டுபிடித்துச் சொன்னார்: அம்மா பேசுவது ஒன்பது வயதுப் பெண் பேசுவது மாதிரி இருக்கிறதாம். எப்படி இல்லாமல் போகும்? அந்த மொழி அவருக்குள் 1965க்குப் பிறகு வளரவே இல்லை. கல்யாணம், வாடகை, வைத்தியம் எதையும் அவர் பர்மிய மொழியில் பேசியதில்லை. பசி, தூக்கம், பொம்மை, பள்ளிக்கூடம் இவற்றுக்குத்தான் அவரிடம் சொல் இருந்தது. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டே அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவன் ஏன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான் என்பது வரை கேட்டு முடித்துவிட்டார்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் கட்டடப் பொறியாளர். எங்கே போனாலும் முதலில் அஸ்திவாரத்தைத்தான் பார்ப்பார். அவர் படகைவிட்டு இறங்குவதற்கு முன்பே குனிந்து கால்களை எண்ணத் தொடங்கிவிட்டார். சேற்றில் ஆழ அடித்த மரக்கால்களின் மேல் பலகைத் தளம், பின்னிய மூங்கில் சுவர், தகரக் கூரை. தண்ணீர்க்கோடு ஏறி இறங்கும் இடத்தில்தான் மரம் முதலில் உளுக்கும் என்பதால் அந்தக் கால்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. வாசலில் செருப்புக்குப் பதிலாகச் சிறு படகு கட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை வாங்கப் போவதென்றாலும் படகுதான். அந்த வீட்டு ஆறு வயதுப் பெண் தன் தம்பியை உட்கார வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குத் துடுப்புப் போட்டுப் போனதைப் பார்த்து என் மகள் வாயைப் பிளந்தாள். அவளுடைய முதல் படகுப் பயணமே 2015 டிசம்பரில், வேளச்சேரியில், எங்கள் தெருவிலேயே, கடலோரக் குப்பத்திலிருந்து மீனவர்கள் கொண்டுவந்த படகில் நடந்தது என்பதை அம்மா அவர்களுக்குச் சொல்லப் பார்த்தார். 'வெள்ளம்' என்ற சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. "தெருவில் தண்ணீர், நிறையத் தண்ணீர்" என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். தெருவில் தண்ணீர் இருப்பதில் என்ன செய்தி இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

சமையலறையின் மூலையில் ஒரு பொருளைப் பார்த்து நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருபது லிட்டர் தண்ணீர் கேன். எங்கள் வீட்டில் இருப்பது போலவே நீலநிறம், வாயில் அதே பிளாஸ்டிக் மூடி. வீட்டுக்கு அடியில் ஏரி. குடிக்க ஞாவுங்ஷ்வேயிலிருந்து கேன். பாட்டி காலத்தில் பலகையை நகர்த்திச் சொம்பை விட்டு மொண்டு குடித்தார்களாம். இப்போது பாத்திரம் கழுவ மட்டும்தான்.

அது ஏன் என்பதை அன்று மாலையே பார்த்தோம். மிதக்கும் தோட்டங்கள் இன்லேயின் பெருமை, அதில் சந்தேகமில்லை. நாணலும் புல்லும் வேரோடு பின்னி ஏரிமேல் தடித்த பாயாக மிதக்கின்றன. அதை நீளநீளமான பாத்திகளாக அறுத்து, படகில் கட்டி இழுத்துவந்து, மூங்கில் கழிகளைக் குத்தி அசையாமல் நிறுத்துகிறார்கள். அதன்மேல் ஏரித்தரையிலிருந்து வாரிய களையையும் சேற்றையும் போட்டுத் தக்காளி நடுகிறார்கள். தண்ணீர் ஏறினால் தோட்டமும் ஏறும், இறங்கினால் இறங்கும். வெள்ளத்தில் அழுகுகிற பயமில்லை, பாய்ச்சுகிற வேலையில்லை. படகுக்காரரின் உறவினர் தோட்டத்தில் மகள் காலை வைத்தபோது இலவம்பஞ்சு மெத்தையில் ஏறியது போல அது மெல்ல அமுங்கி, கொஞ்சம் தள்ளி நின்ற தக்காளிச் செடிகளெல்லாம் ஒரு தடவை தலையாட்டின. அவள் இறங்கவே மாட்டேன் என்றாள். அந்தத் தக்காளி யாங்கோன், மாண்டலே வரை போகிறது.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே அடுத்த பாத்தியில் ஒருவர் மருந்து தெளித்து முடித்து, தெளிப்பானைப் படகின் விளிம்பில் சாய்த்து ஏரித் தண்ணீரிலேயே அலசினார். அவரிடமிருந்து ஐம்பதடி தள்ளி ஒரு பெண் அரிசி களைந்துகொண்டிருந்தார். உரமும் பூச்சிமருந்தும் பாத்தியில் தங்குவதில்லை. பாத்திக்குக் கீழே ஏரிதானே இருக்கிறது. போதாததற்கு, ஆண்டுக்காண்டு கனத்துப்போகும் பாத்தி ஒருநாள் அமிழ்ந்து தரையோடு தரையாகிவிடும், விவசாயி அடுத்த பாத்தியை இன்னும் உள்ளே தள்ளிப் போடுவார். 1935இல் சுமார் 69 சதுர கிலோமீட்டராக இருந்த திறந்த நீர்ப்பரப்பு 2000இல் சுமார் 47 ஆகக் குறைந்திருக்கிறது என்றும், அதில் பெரும்பங்கைத் தின்றது இந்தத் தோட்டங்கள்தான் என்றும் ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சுற்றியுள்ள மலைகளில் மரத்தை வெட்டியதால் மழையோடு இறங்கும் மண் தனிக்கணக்கு. 2015இல் யுனெஸ்கோ இன்லேயை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மியான்மருக்கு அதுதான் முதல். அறிவிப்பு வந்தால் தக்காளி விற்பதை நிறுத்திவிட முடியுமா? படகுக்காரர் கையை வீசி ஒரு தோட்டப் பரப்பைக் காட்டி, தம் அப்பா சிறுவனாக இருந்தபோது அதெல்லாம் வெறும் தண்ணீராக இருந்தது என்றார். குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. திரும்பும் வழியில் ஆகாயத்தாமரைக் கொடி விசிறியில் சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. அவர் இடுப்பளவு குனிந்து, கத்தியால் அதை அறுத்து அறுத்து எறிந்துகொண்டிருந்தபோது, கூவம் கரையில் தலைமுறையாகப் பார்த்த செடிதானே என்று நாங்கள் நால்வரும் குளிரில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் பார்த்தவற்றில் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பவுங் டோ ஊ கோயிலில் ஐந்து சிறு புத்தர் சிலைகள். பக்தர்கள் ஒட்டிய தங்க இழை படிந்து படிந்து முகமும் கையும் மறைந்து, ஐந்தும் தங்க உருண்டைகளாகவே ஆகிவிட்டன. தங்கம் ஒட்ட ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி என்பதால் என் கணவர் போனார், பெண்கள் மூவரும் கீழே உட்கார்ந்திருந்தோம். மகள் கேட்ட கேள்விக்கு நம் ஊர்க் கோயில்களை வைத்துக்கொண்டு என்னால் வாய் திறக்க முடியவில்லை. புரட்டாசி, ஐப்பசி வாக்கில் அதில் நான்கு சிலைகளைப் பறவை வடிவப் பெரிய படகில் ஏற்றி, நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே தாளத்தில் காலால் துடுப்புப் போட்டு இழுக்க, ஊர் ஊராகப் பதினெட்டு நாள் கொண்டுபோவார்களாம். மயிலாப்பூர்த் தெப்பத்தை மூன்று நாளில் முடித்துவிடுகிறோமே என்று அம்மாவுக்குக் குறை. கழுத்தில் பித்தளை வளையம் அணிந்த கயான் பெண்களைக் கடை வாசலில் உட்கார வைத்திருந்த இடத்தில் நாங்கள் இறங்கவில்லை.

இன்பாகோனில் தாமரைத்தண்டிலிருந்து நூல் எடுக்கிறார்கள். ஐந்தாறு தண்டுகளைச் சேர்த்துக் கத்தியால் லேசாகக் கீறி, ஒடித்து, மெதுவாக விலக்கினால் சிலந்தியிழைபோல நார் நீள்கிறது. காய்வதற்குள் ஈரப்பலகையில் உள்ளங்கையால் உருட்டி முறுக்கி, முந்தைய இழையோடு ஒட்டிவிட வேண்டும். அந்த உருட்டலைப் பார்த்தால் கோயில் வாசலில் திரி திரிக்கும் பாட்டிகள் நினைவுக்கு வருவார்கள். ஒரு துண்டின் விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக மடித்துக் கொடுத்துவிட்டோம்.

ஐந்து நாளைக்கொருமுறை ஊர் மாறி ஊர் கூடும் சந்தை அன்று எங்களுக்கு வாய்த்தது. அம்மா அங்கேதான் முழுமையாக ரங்கூன் சிறுமியானார். கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தை வட்டமாகப் பூசிவிடச் சொல்லி ஒரு கடையில் உட்கார்ந்துகொண்டார். இன்னொரு கடையில் மஞ்சளாகக் கட்டிகட்டியாக அடுக்கியிருந்ததைத் தொட்டுப் பார்த்து "தோஹு" என்றார். சோயாவில் அல்ல, கடலைமாவைக் கரைத்துக் காய்ச்சி உறையவைப்பது. அதைப் பொரித்து, புளிக்கரைசலில் தோய்த்துத் தந்தார்கள். நம் பஜ்ஜிக்கு அக்கா மகள் என்றே சொல்லலாம். சென்னை பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் தட்டின்மேல் நொறுக்கிப் போடுகிற பேஜோவின் பெயரில் 'பே' என்றால் பயறு, 'ஜோ' என்றால் பொரித்தது என்பதை முப்பது வருடம் அதைத் தின்ற நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கடைசிச் சாயங்காலம் படகுக்காரர் தெற்கே கையைக் காட்டி, ஏரித் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் பிலு ச்சௌங் ஆறாக இறங்குகிறது, கீழே லோபிதாவில் மின்சாரம் எடுக்கிறார்கள் என்றார். ஜப்பான் போர் இழப்பீடாகக் கட்டிக்கொடுத்த நிலையம் அது. 1960லிருந்து ரங்கூனுக்கு அங்கிருந்துதான் மின்சாரம் போயிற்று. லோபிதா என்ற பெயர் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் விளக்கு அணைந்தால் தாத்தா "லோபிதா தூங்கிவிட்டான்" என்பாராம். அப்படியென்றால் அம்மா ஒன்றாம் வகுப்புப் பாடம் படித்தது இந்த ஏரியின் வெளிச்சத்தில்தான். அம்மா கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஊருக்கு வந்த ஐந்தாம் மாதம், 2019 ஜூனில், சென்னையின் ஏரிகள் வறண்டு, நாங்கள் குடத்தோடு லாரிக்காக நின்றோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை; அந்த ஏரியின் மேல்தான் 1920களில் தியாகராய நகரைக் கட்டினோம். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். எங்கள் குடியிருப்பும் எதன்மேல் நிற்கிறது என்று 2015இல் தண்ணீரே வந்து சொல்லிவிட்டுப் போயிற்று. லாரி வரிசையில் நின்றபோது எனக்கு அந்தச் சமையலறை மூலைக் கேன் நினைவுக்கு வந்தது. இன்லேக்காரர்கள் பிழைப்புக்காக ஏரியைத் தோட்டமாக்குகிறார்கள், அதன்மேலேயே குடியிருந்து அதன் விலையையும் கொடுக்கிறார்கள். நாங்கள் ஏரியை மனையாக்கிப் பட்டா வாங்கிவிட்டு, மழையைத் திட்டுகிறோம்.

2021 பிப்ரவரியில் அங்கே மீண்டும் ராணுவ ஆட்சி. 2025 மார்ச் 28இல் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்து, இன்லேயின் கழிக்கால் வீடுகளும் சரிந்து தண்ணீருக்குள் போன படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். என் கணவர் அந்த மரக்கால்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பீரோவிலிருந்து பழைய நாட்குறிப்பை எடுத்து, படகுக்காரர் எழுதிக் கொடுத்த எண்ணைத் தேடிப் போடச் சொன்னார். மணி அடிக்கவில்லை, பதிவு செய்த ஒரு பெண்குரல் பர்மிய மொழியில் ஏதோ சொல்லிற்று. நான் துண்டிக்கப் போனேன். அம்மா கையைத் தடுத்து, அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொல்லி ஓய்கிற வரை கேட்டார்.

"எட்ட முடியலையாம்" என்று போனைக் கொடுத்தார். பிறகு, "ரங்கூன் பேச்சு. ஒரு வார்த்தை விடாம புரியுது" என்றார்.